ஜோடுதான் தப்பு

வேலூருக்கு மெர்வின் கம்பெனியின் செருப்புக் கடை முதன்முதலாக வந்தபோது ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டாவது கடை வந்தபோது பாதி ஊர் எட்டிப் பார்த்தது. மூன்றாவது வந்தபோது, “இவனுங்களுக்கு வேற வேலயே இல்லியா?” என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாலாவது எப்போது திறந்தது என்றே பலருக்குத் தெரியாது. மூன்றாவதைத்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நாலும் ஒரே அச்சில் வார்த்த கடைகள். பச்சைப் பலகை, அதில் மஞ்சள் எழுத்து, தெருவைப் பார்த்துக் கண்ணாடி, உள்ளே சிவப்பு மெத்தை தைத்த பெஞ்சு, முழங்கால் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை அது. கால் பார்க்கும் கண்ணாடி. விற்கிற ஆளும் அப்படித்தான். கறுப்புக் கோட்டு, பச்சைக் குல்லாய், மழித்த தாடி, கத்தரித்த மீசை. இந்தக் கடை ஆளைத் தூக்கி அந்தக் கடையில் உட்கார வைத்தால் கம்பெனி முதலாளிக்கே அடையாளம் தெரியாது.

பைத்தியம் ஒரு கம்பெனிக்கு மட்டும் பிடித்ததென்றால் போகட்டும் என்று விடலாம். ஸ்டான்மோர் என்று இன்னொரு கம்பெனி சிவப்புப் பலகையோடு வந்து சேர்ந்தது. அவன் மண்டித் தெருவில் ஒன்று திறந்தால் இவன் அதற்கு அடுத்த வாசலில் ஒன்று திறப்பான். இவன் லாங்கு பஜாரில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் நாலு கடை தள்ளி வந்து உட்காருவான். இரண்டு பேரும் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு வேலூரின் படத்தை விரித்து வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். இந்த ஊரில் செருப்புப் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் இரண்டு கம்பெனியிலும் ஒருத்தரும் கேட்கவில்லை. வக்கீல்கள் போட்டார்கள், ஜெயில் வார்டர்கள் போட்டார்கள், தோல் மண்டி சாயபுமார்கள் போட்டார்கள். மற்றவர்களுக்கு வெறுங்கால்தான். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தொட்டியில் ஊறிய தோல் பட்டணத்துக்குப் போய், காகிதம் சுற்றிய ஜோடாகப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு ஊர் திரும்பியது, வாங்கத்தான் ஆளில்லை.

நாலாவது கடை வந்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கோட்டைக்குப் போகிற ரோட்டில் மெர்வினுக்கு ஏற்கெனவே ஒரு கடை இருந்தது. அதற்கு நேர் எதிரே, வேப்ப மரத்தடியில், ஒரு கட்டடம் காலியானது. ஸ்டான்மோர்காரன் அதை எடுத்துவிடப் போகிறானே என்ற பயத்தில் மெர்வினே வாடகைக்கு எடுத்தது. எடுத்த பிறகு, சும்மா பூட்டி வைப்பானேன் என்று அதிலும் பச்சைப் பலகையை மாட்டிவிட்டது. தன் கடைக்குத் தானே எதிர்க்கடை.

மூன்றாவது கடையில் தேவசகாயம் இருந்தான். எதிரே, வேப்ப மரத்துக் கடையில், லியாகத் அலி.

தேவசகாயத்துக்குத் தாய் தகப்பன் முகம் தெரியாது. சாமியார்கள் நடத்திய விடுதியில் வளர்ந்து, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கொஞ்ச காலம் மூட்டை எண்ணிவிட்டு, முப்பது வயதில் மெர்வின் கம்பெனிக்கு வந்தவன். லாங்கு பஜாரில் முதல் கடை திறந்தபோது அதில் அவன்தான் ஆள். அந்த ஒரு வருஷம் அவனுக்கு நல்ல வருஷம். கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும். வாங்குகிறவர்கள் கொஞ்சம், பேசுகிறவர்கள் ஜாஸ்தி. “இன்னா தேவசகாயம், சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் வக்கீல் குமாஸ்தாக்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். மூன்றாவது வரைக்கும் புதுக் கடை ஒவ்வொன்று திறக்கும்போதும் கம்பெனி அவனை அதற்கு மாற்றியது, அனுபவப்பட்ட ஆள் என்று. கூட்டம் அவனோடு வரவில்லை. இரண்டாகப் பிரிந்தது, மூன்றாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தபோது பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைகள் பெருகப் பெருக அவன் தனி ஆளாகிக்கொண்டே வந்தான்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. விற்காத பெட்டிகள் அதில் அடுக்கியிருக்கும். மிச்ச இடத்தில் அவன் படுப்பான். கடை நேரத்தில் வாசற்படி தாண்டக் கூடாது என்பது கம்பெனி சட்டம். இன்ஸ்பெக்டர் எந்த நேரத்தில் பட்டணத்திலிருந்து வந்து குதிப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். ஒரு ஜோடு விற்றால் ஒரு விரல். ஒன்றும் விற்காவிட்டால் மூடிய முஷ்டி. பெரும்பாலும் முஷ்டிதான். சாயங்காலம் பூட்டியதும் லியாகத் அலி, “வர்றேன் தோஸ்த்” என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, பச்சைக் குல்லாயைக் கழற்றிச் சொந்தக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளிடம் போய்விடுவான். தேவசகாயம் உள்ளே வந்து பெட்டிகளோடு படுத்துக்கொள்வான். பகலெல்லாம் ஊர்க்காரர்களின் காலைக் கையில் எடுத்துப் பிடிக்கிறவன். அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது பட்டணத்தில் ஒரு வாரம் பாடம் நடந்தது. வெள்ளைக்கார துரை ஒருவர் புது ஆட்களை வரிசையாகக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் மண்டியிட வைத்து, எப்படிக் காலைப் பிடிப்பது, எப்படிக் கயிறு கட்டுவது, என்ன பேசுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஜோடு பொருந்தாமல் வாங்க வந்தவர் கூச்சப்பட்டால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு. துரை அதை இங்கிலீஷில் சொல்ல, தலைமைக் குமாஸ்தா தமிழில் ஆக்கினார்: “காலு எப்பவும் சரிதாம்மா. ஜோடுதான் தப்பு.” சொல்லும்போது தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது, காலையே பார்க்க வேண்டும். தேவசகாயமும் லியாகத் அலியும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு, வாய்ப்பாடு மாதிரி அதைக் கூட்டாகச் சொல்லிப் பழகினார்கள். அதற்கப்புறம் தேவசகாயம் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கே கிடையாது. வாய் சொல்லும், மனசு எங்கேயோ இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், தவக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தவனை உபதேசியார் அருளப்பன் ஓரமாகக் கூப்பிட்டார். கோயில் ஜனங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. கல்யாணம் பேசி முடிப்பது அவர் ஆசை.

“தம்பி, பள்ளிகொண்டாவுல ஒரு பொண்ணு கீது. மடத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சரு. பேரு ஞானப்பூ. தாய் தகப்பன் இல்ல, சவுரியம்மாள்னு ஒரு அத்தைதான் வளத்துச்சு. வயசுதான் கொஞ்சம் ஏறிப் போச்சு.”

“எனக்கும்தான் ஏறிப் போச்சு, உபதேசியாரே.”

“அதத்தான் பக்குவமா சொல்லலாம்னு வந்தேன். நீயே சொல்லிட்ட” என்றார் உபதேசியார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “அவங்க வந்து உன்ன பாப்பாங்க. எப்பன்னு சொல்ல மாட்டாங்க. கோட்ட ரோட்டுல மெர்வின் கடைன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.”

அது அந்தப் பக்கத்துச் சில குடும்பங்களில் இருந்த வழக்கம். மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்கு யாரோ எவரோ போல வருவார்கள். எதையாவது வாங்குகிற சாக்கில் ஆளையும் குணத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. கேட்டால் வந்த காரியம் வெளியே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் மாப்பிள்ளைக்கு அவமானம். நல்ல எண்ணத்தில் ஏற்பட்ட வழக்கம்தான். ஒரே ரோட்டில் ஒரே கடையை இரண்டு தடவை திறப்பார்கள் என்று அதை ஏற்படுத்திய புண்ணியவான்களுக்குத் தெரியுமா? உபதேசியாருக்கும் தெரியாது. அவர் வருஷக் கணக்காகச் செருப்பே வாங்கினதில்லை.

மறுநாளிலிருந்து தேவசகாயம் தினமும் சவரம் செய்துகொண்டான். வாசலில் புடவை நிழல் விழுந்தால் எழுந்து நின்றான். பெரியாஸ்பத்திரிக்கு வழி கேட்க வந்த ஒரு அம்மாளை உட்கார வைத்து, தெருவில் போன சோடாக்காரனைக் கூப்பிட்டு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான். அவள் “இவனுக்கு இன்னா ஆச்சு?” என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஜெயில் வார்டர் ஒருவரின் சம்சாரத்திடம் காட்டிய மரியாதையில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் வயதான ஒருத்தியும் நீலப் புடவை கட்டிய ஒருத்தியும் வந்தார்கள். நீலப் புடவைக்காரி ஒன்றும் வாங்கவில்லை. கால் பார்க்கும் கண்ணாடியில் முகம் பார்க்கக் குனிந்து, முடியாமல், தனக்குள் சிரித்துக்கொண்டாள். போகும்போது வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இவள்தான் என்று தேவசகாயம் முடிவு கட்டிவிட்டான். அவள் பலகையை நிமிர்ந்து பார்த்திருக்கலாம், மழை வருமா என்று வானத்தைப் பார்த்திருக்கலாம். அவனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு உபதேசியார் வாயெல்லாம் பல்லாக வந்தார். “பாத்துட்டாங்களாம்டா! ஆளு அப்டி ஒரு மரியாதயாம். பொண்ணே வாயத் தொறந்து சரின்னு சொல்லிடுச்சாம். வெத்தல பாக்கு மாத்திக்கலாம்னு சவுரியம்மா சொல்லி அனுப்பியிருக்கு.”

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் தேவசகாயம் வாசற்படியில் நின்று, எதிரே இருந்த லியாகத் அலியைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். இதற்கு முன் அவர்களுக்குள் இல்லாத சைகை அது. இன்ஸ்பெக்டர் வருகிறார் போலிருக்கிறது என்று பயந்துபோன லியாகத் அலி, துணியை எடுத்துக்கொண்டு பெஞ்சைத் துடைக்க ஓடினான். தேவசகாயம் அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்தக் கடையில் யாரும் சிரித்ததில்லை.

அந்த மாதம் முழுக்க அவன் பின்னறையைச் சரிசெய்தான். பெட்டிகளைத் தூக்கிப்போட முடியாது, கம்பெனி சரக்கு. கூரை முட்ட அடுக்கி அடுக்கி, இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குத் தரையில் இடம் பண்ணினான். இன்னொரு தம்ளர் வாங்கினான். சாயங்காலங்களில் நீலப் புடவைக்காரியோடு மனசுக்குள் பேசுவான். இன்றைக்கும் முஷ்டிதான் என்பான். போனால் போகிறது, சாப்பிட வாருங்கள் என்பாள். வாங்கி வைத்த தம்ளரில் தண்ணீர் ஊற்றி எதிரே வைத்துக்கொண்டு அவன் சாப்பிட்டதும் உண்டு. அது யாருக்கும் தெரியாது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உபதேசியாரும் அவனும் பஸ் ஏறிப் பள்ளிகொண்டாவில் இறங்கினார்கள். மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. சவுரியம்மாள் கதவைத் திறந்து, “வாங்க, வாங்க” என்று உபதேசியாரை வரவேற்றாள். தேவசகாயத்தையும் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“மாப்பிள்ள பின்னால வர்றாரா?”

உபதேசியார் சிரித்தார். “இன்னாம்மா விளையாடற? இவர்தான் மாப்பிள்ள.”

“இவரு இல்லியே” என்றாள் சவுரியம்மாள்.

தேவசகாயத்துக்குத்தான் முதலில் புரிந்தது. “அம்மா, நீங்க போன கடைக்கு முன்னால வேப்ப மரம் இருந்துச்சா?” என்று கேட்டான்.

“இருந்துச்சு. பஸ்ஸ விட்டு எறங்கி வந்தோம், பச்சப் பலக தெரிஞ்சிது. மெர்வின் கடைதானான்னு கேட்டேன், ஆமாம்மான்னாரு.”

“அது எதிர்க் கடைம்மா. அவரு பேரு லியாகத் அலி. சம்சாரம் கீது, பசங்க கீறாங்க.”

சவுரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் கோபம் வந்தது. “ஒரே ரோட்டுல, ஒரே பலகயோட, எதிரும் புதிருமா எவனாச்சும் கடை வெப்பானா? ஊர் ஜனங்க இன்னான்னு கண்டுபிடிக்கறது?” தானே போய் அந்தக் கடையைத் திறந்துவிட்டு வந்தவன் போலத் தேவசகாயம், “தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க” என்றான்.

உபதேசியார் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. “இப்ப இன்னா ஆயிப் போச்சு சவுரியம்மா? அதே கம்பெனி, அதே கோட்டு, அதே வேல. நம்ம கோயில் பையன். இவருக்கு இன்னா கொறச்சல்?”

சவுரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மனசு இளகுவது தெரிந்தது. “எனக்கு ஒன்னும் இல்ல. அவதான் சொல்லணும்” என்று உள்ளே பார்த்தாள். பிறகு, “அவங்க பேசிக்கட்டும்” என்று உபதேசியாரைக் கொல்லைப்பக்கம் அழைத்துக்கொண்டு போனாள்.

உள்ளேயிருந்து வந்தவள் நீலப் புடவைக்காரி இல்லை. உயரமாக, கறுப்பாக, பள்ளிக்கூடத்துக் கண்டிப்பு முகத்தில் படிந்தவளாக ஒருத்தி வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக மனசுக்குள் குடித்தனம் நடத்திய பெண் ஒரு நொடியில் காணாமல் போனாள். அதற்காக வருத்தப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. ஏனென்றால் ஞானப்பூ நேராக அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அவனை அப்படிப் பார்த்து யாரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

“உள்ள இருந்து எல்லாத்தயும் கேட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஏன் சரின்னேன்னு உங்களுக்குத் தெரியணும், இல்லன்னா நியாயம் இல்ல.”

“சொல்லுங்க.”

“எனக்கு எடது கால்ல ஆறு விரலு. அத உபதேசியார் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாரு.”

“சொல்லல.”

“அவருக்கே தெரியாது. அத்த மறச்சிடுச்சு. சொன்ன எடத்துல எல்லாம் வேணாம்னுட்டு போய்ட்டாங்க. எங்க போனாலும் பொடவைய இழுத்து விட்டுக்கிட்டே உட்காருவேன். இப்ப மடத்து மதர் வேற, டீச்சருங்க எல்லாம் ஜோடு போட்டுத்தான் வரணும்னு சொல்லிட்டாங்க. அதான் அத்தயோட நானும் வந்தேன். அந்தக் கடையில கால நீட்டவே எனக்கு ஒடம்பு கூசிடுச்சு. போட்டுப் பாத்த ஜோடு எதுவும் ஏறல. எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு. அவரு என் மொகத்தக்கூட பாக்கல. தலய லேசா சாச்சுக்கிட்டு, கால பாத்தே சொன்னாரு...”

தேவசகாயத்துக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. வராமல் இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டான்.

“‘காலு எப்பவும் சரிதாம்மா, ஜோடுதான் தப்பு’ன்னாரு” என்றாள் ஞானப்பூ. சொல்லும்போது அந்தக் கண்டிப்பான முகம் அப்படியே மாறிவிட்டது. “பொறந்ததுலேர்ந்து யாரும் எனக்கு அப்டி சொன்னதில்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த வார்த்த சொல்ற மனுஷன்கூட இருந்துடலாம்னுதான் சரின்னேன். அவருக்குக் குடும்பம் இருக்குது, அது போவட்டும், எனக்கு அவருதான் வேணும்னு இல்ல. இப்டி நெனைக்கற ஆளு உலகத்துல கீறாங்கன்னு தெரிஞ்சதே எனக்குப் போதும்.”

பிறகு, ரொம்ப யோசித்து எடுத்த முடிவு மாதிரி, புடவை ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி, இடது காலை முன்னால் வைத்தாள். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு சின்ன விரல். கூச்சத்தில் அது உள்ளே மடங்கிக்கொண்டது.

“நீங்க பாருங்க. உங்களுக்கு இன்னா தோணுதுன்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல.”

அவனுக்கு அந்தக் கால் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணையே பிடித்துப்போயிருந்தது. அதைச் சொன்னால் போதும், கூரை முட்ட அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே விரித்த இரண்டாவது பாயில் உட்கார ஆள் வந்துவிடும். வாயைத் திறந்தான். காலைக் கண்டதும் பழக்கத்தில் தலை தானாக லேசாகச் சாய்ந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது ஒரே ஒரு வாக்கியம்.

அதைச் சொன்னால்? அதே தலைச் சாய்ப்பு, அதே வார்த்தை, அதே வரிசை. பிள்ளைகள் ஒப்பிக்கிறதை நாள் முழுக்கக் கேட்கிற டீச்சர் அவள். கேட்ட நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும், இது கம்பெனி சரக்கு என்று, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொருத்தன் மண்டியிட்டு எல்லாக் காலுக்கும் இதைத்தான் சொல்கிறான் என்று. அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கல்யாணம் செய்துகொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. வேறு ஏதாவது சொந்தமாகச் சொல்லலாம் என்று தேடினான். உள்ளே ஒன்றும் இல்லை. ஐந்து வருஷமாகக் கம்பெனி கொடுத்ததையே பேசிப் பேசி, அவனுடையது என்று ஒரு வார்த்தை வாயில் தங்கவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

ஞானப்பூ கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு புடவையை மெதுவாக இழுத்துக் காலை மூடினாள்.

“பரவால்ல” என்றாள். “நீங்க பொய் சொல்லலியே, அதுவே பெருசு.”

அவன் அருவருப்பில் பேசாமல் இருந்துவிட்டான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

பஸ்ஸில் உபதேசியார் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். “ஊமையாடா நீ? கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாதா? கையில வந்தத நழுவ விட்டுட்டியே!” தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாலாற்று மணலில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வேலூர் நெருங்கும்போதுதான் அது அவனுக்கு வந்தது. ஜோடு போட்டால் வலிக்குதா என்று கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். அந்த மடங்கின விரலைப் பார்த்தபோது அவன் மனசில் இருந்ததும் அதுதான். அந்த நேரத்தில் அது வார்த்தையாக வரவில்லை. அடக்க முடியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று உபதேசியாரிடம் சொன்னான்.

மறுநாள் காலையில், கடை திறந்திருக்கும்போதே, சட்டத்தை மீறி ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனான். லியாகத் அலி பதறிவிட்டான். “இன்னா தோஸ்த், கடைய விட்டுட்டு? இன்ஸ்பெக்டர் பாத்தா பேஜாராப் போய்டும்!”

“ஒன்னு கேக்கணும் பாய். போன மாசம் பள்ளிகொண்டாவுலேர்ந்து ஒரு டீச்சரம்மா வந்தாங்களா? அத்தைகூட வந்திருப்பாங்க. எடது கால்ல ஆறு விரலு.”

லியாகத் அலி குல்லாயைத் தள்ளிவிட்டு நெற்றியைச் சொறிந்தான். “ஆறு விரலு... ஆமா, பழுப்பு ஜோடு, ரெண்டு நம்பரு பெருசு குடுத்தேன். கடிச்சா கொண்டாங்க, மாத்திக்கலாம்னேன். மொகம் நெனப்பு இல்ல. ஏன், சண்டைக்கு வந்தாங்களா?”

“இல்ல. காலு எப்பவும் சரிதாம்மான்னு சொன்னியாம்.”

“சொல்லியிருப்பேன். யாருக்குத்தான் சொல்லல?” என்று சிரித்தான் லியாகத் அலி. தேவசகாயம் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். “இன்னா ஆச்சு தோஸ்த்?”

“ஒன்னும் இல்ல. அவங்க ஜோட மாத்த மறுபடி வந்தா, அந்த வார்த்தய மட்டும் இன்னொரு வாட்டி சொல்லிடாத. அத அவங்க பத்திரமா வெச்சிருக்காங்க.”

“வேற இன்னா சொல்றது? நமக்கு வேற தெரியாதே.”

“போட்டா வலிக்குதான்னு கேளு” என்றான் தேவசகாயம். “அத மட்டும் கேளு. கேக்கும்போது மொகத்தப் பாத்துக் கேளு.”

லியாகத் அலிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினான். தேவசகாயம் ரோட்டைத் தாண்டித் தன் கடைக்கு வந்து உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் வரவில்லை. வாங்குகிறவர்களும் வரவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள் ஞானப்பூ வந்தாள். தனியாகத்தான் வந்தாள், கையில் பச்சைப் பெட்டியோடு. ரோட்டின் நடுவே நின்று இந்தப் பலகையைப் பார்த்தாள், அந்தப் பலகையைப் பார்த்தாள். எது எது என்று அவளுக்கு மறுபடியும் குழம்பிவிட்டது. ஒரு அடி இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த தேவசகாயத்துக்கு ஒரு நிமிஷம், வரட்டுமே, வந்தால்தான் என்ன என்று தோன்றியது. இப்போது கேட்க அவனிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஆனால் அதை லியாகத் அலிக்குக் கொடுத்தாகிவிட்டது. எழுந்து பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆளில்லாத கடையைப் பார்த்துவிட்டு அவள் வேப்ப மரத்தைக் கண்டு, அடையாளம் பிடித்து, அந்தப் பக்கம் போனாள்.

பெட்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில், இரண்டு கடைகளின் வாசல் கண்ணாடிகளையும் தாண்டி, அவனுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் உட்கார்ந்தாள். லியாகத் அலி மண்டியிட்டுக் காலைக் கையில் எடுத்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டான். அவளும் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, “வர்றேன் தோஸ்த்” என்று குரல் கொடுத்த லியாகத் அலியைத் தேவசகாயம் நிறுத்தினான்.

“கேட்டியா பாய்?”

“கேட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“கொஞ்சம் வலிக்குதுன்னு சொல்லிச்சு” என்று சொல்லிவிட்டு லியாகத் அலி குல்லாயை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.